கட்டு டைரியா, ரிங் ஃபைலா? ஒரு கணக்கு மேசையின் அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் 14 வாடிக்கையாளர்களின் வேலை என் பொறுப்பில் இருக்கிறது. மளிகைக் கடை, தையற்கடை, லாரி நிறுவனம் என்று பல தரப்பட்டவர்கள். அவர்களுடைய தேதிகளையும் பாக்கிகளையும் குறித்து வைக்க மூன்று வகைக் குறிப்பேடுகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்: தேதி அச்சிட்ட கட்டு டைரி நான்கு ஆண்டுகள், புள்ளித் தாள் நோட்டு ஏழு மாதங்கள், ஆறு வளையமுள்ள ஏ5 ரிங் ஃபைல் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இன்றும் மேசையில் இருப்பது ரிங் ஃபைல்தான் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

கைபேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி மட்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மாதாந்திர வரிப் பிடித்தம் ஆகிய மூன்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதைக் கைபேசி மணியடித்துச் சொல்லிவிடும். எந்தக் கடையின் எந்த மாத வங்கி அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை, அதைப் பற்றி உரிமையாளர் என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தாளில்தான் நிற்கிறது.

கட்டு டைரியின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2002ஆம் ஆண்டுப் பதிப்போடு தொடங்கிய ஜப்பானின் ஹோபோனிச்சி டைரி, நாளுக்கு ஒரு பக்கம் என்ற அமைப்பைச் சதுர மீட்டருக்கு 52 கிராம் எடையுள்ள தோமோயே ரிவர் என்னும் மெல்லிய தாளில் அடக்கி, ஓராண்டு முழுவதையும் கைக்கு அடக்கமான ஒரே புத்தகமாக்கிக் காட்டியது. கே.எல்.சி.சி. கினோகுனியா புத்தகக் கடையில் இத்தகைய டைரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எளிதன்று. நான் வைத்திருந்தது வேறொரு நிறுவனத்தின் டைரி. அதுவும் மெல்லிய தாள்தான். மெல்லிய, வழவழப்பான தாளில் மை உலர நேரம் பிடிக்கும். குளிரூட்டி நின்றுபோன பிற்பகல்களில் உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் பேனா வழுக்கிக்கொண்டு எழுத மறுக்கும். ஜப்பானியப் பதிப்புகளில் அந்நாட்டு விடுமுறைகளே அச்சாகி வருவதால், தைப்பூசத்தையும் நோன்புப் பெருநாளையும் நாமே சிவப்பில் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். இவை எவையும் நான் அதைக் கைவிடக் காரணமல்ல.

புள்ளித் தாள் நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013இல் வெளியிட்ட புல்லட் ஜர்னல் முறையைப் பின்பற்றி, பொருளடக்கம் எழுதி, பக்க எண் இட்டு, முடியாத வேலைகளை மாதந்தோறும் அடுத்த மாதத்திற்குக் கடத்தி வந்தேன். ஒருவருடைய வேலைகளுக்கு அது அருமையான முறையாக இருக்கலாம். 14 பேருடைய வேலைகளை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் உட்கார்ந்தால் கடத்துவதே தனி வேலையாகிவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: டைரியின் ஆண்டும் வாடிக்கையாளரின் ஆண்டும் ஒன்றல்ல. ஒரு நிறுவனம் தன் கணக்காண்டு முடிந்து ஏழு மாதங்களுக்குள் வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். மார்ச் 31இல் கணக்கை மூடுபவருக்குக் கெடு அக்டோபர் 31. செப்டம்பர் 30இல் மூடுபவருக்கு அடுத்த ஏப்ரல் 30. ஜூன் 30இல் மூடும் லாரி நிறுவனத்திற்கு அடுத்த ஜனவரி 31. அதாவது, வேலை உச்சத்தில் இருக்கும் டிசம்பரில்தான் கட்டு டைரி முடிந்துபோகிறது. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வாரத்தில் மூன்று மாலைப் பொழுதுகள் பழைய டைரியை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் விரித்து வைத்து, பாக்கிக் குறிப்புகளைப் பெயர்த்தெழுதுவேன். நான்காம் ஆண்டில் ஒரு வரியை விட்டுவிட்டேன்: லாரி நிறுவனத்தின் ஏப்ரல், மே மாத வங்கி அறிக்கைகள் இல்லை என்ற வரி. ஜனவரி 24ஆம் தேதி அதைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்தபோது, “டிசம்பர்லயே சொல்லியிருந்தா பேங்க்ல எடுத்து வெச்சிருப்பேனேம்மா” என்றார் உரிமையாளர். அவர் சொன்னதில் தவறில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக எப்படியோ வேலையை முடித்தோம்.

ரிங் ஃபைலில் பெயர்த்தெழுதும் வேலையே இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிரிப்பு அட்டை, அதன் பின்னால் அவருக்குரிய தாள்கள். ஜனவரி பிறந்தால் முன்னாலுள்ள நாட்காட்டித் தாள்கள் மட்டும் மாறும். ஓராண்டின் தாக்கல் முடிந்ததும் அந்தத் தாள்களை வளையத்திலிருந்து கழற்றி, வாடிக்கையாளரின் பெட்டியிலேயே போட்டுவிடுகிறேன். வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். என் கைக்குறிப்பு அந்தப் பதிவுகளில் சேராது என்றாலும், மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு தொகையைப் பற்றிக் கேள்வி எழும்போது, அந்தத் தொகை ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கான விளக்கம் அதே பெட்டியில் கிடைக்கும். கட்டு டைரியில் அந்த விளக்கம் மற்ற 13 பேரின் விவகாரங்களோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும்.

தாள் செலவும் குறைவு. 500 தாள் கொண்ட ஒரு ஏ4 கட்டைப் பாதியாக வெட்டினால் 1,000 ஏ5 தாள்கள். ஆனால் அலுவலகங்களில் கிடக்கும் இரட்டைத் துளைக் கருவி இதற்கு உதவாது; அதன் துளைகளுக்கு இடையே 80 மில்லிமீட்டர் தூரம், ஆறு வளையங்களின் இடைவெளி வேறு. ஆறு துளைக் கருவி ஒன்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். 20 துளையிட்டு வரும் ஜப்பானிய ஏ5 தாள்களும் பொருந்தாது. ஒரு பொட்டலம் வாங்கிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

பராமரிப்பில் இது கட்டு டைரியைவிடத் தொல்லை பிடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் முதல் ஃபைலின் உறை தோல் போலத் தோன்றும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அந்தப் பூச்சை மெல்லச் சிதைத்துவிடும் என்பதால் நம் ஊருக்கு அது ஏற்றதன்று. ஒன்றரை ஆண்டில் ஓரங்கள் உரிந்து, வெள்ளைச் சட்டையில் கறுப்புச் செதில்களாக ஒட்டத் தொடங்கின. நடுவிலுள்ள ஒரு வளையம் சரியாக மூடாமல் போய், ஒரு தாள் நழுவிப் பையின் அடியில் மதிய உணவு டப்பாவுக்குக் கீழே கிடந்த நாளும் உண்டு. இப்போது இருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. அதன் வளையங்கள் ஐந்தாண்டு தாங்குமா என்பதை ஐந்தாண்டு கழித்துத்தான் சொல்ல முடியும். அசல் தோலுறையை நான் பயன்படுத்தியதில்லை. அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று தோழி எச்சரித்ததோடு சரி.

எல்லா வேலையும் டிசம்பர் 31இல் முடிகிறவர்கள் கட்டு டைரியை விட வேண்டியதில்லை. பையில் கனமும் குறைவு. ரிங் ஃபைல்தான் என்று முடிவு செய்தவர்கள், வாங்குமுன் கடையிலேயே வளையங்களை மூடி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும். மூட்டுவாயில் கீற்றளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த ஃபைலை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவும்.