டொயோட்டா 86-இல் கேட்-பேக் எக்ஸாஸ்ட்: சில வருஷ ஓட்டத்துக்குப் பிறகு

என் டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரில் கேட்-பேக் எக்ஸாஸ்ட் (புகைக்குழாயின் பின்பகுதி) மாட்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஹைவே, நெரிசல், மலைப்பாதை, அவ்வப்போது ரேஸ் டிராக் என்று எல்லா விதமாகவும் ஓட்டியாயிற்று. மாட்டிய முதல் வாரத்தில் எந்த எக்ஸாஸ்ட்டும் அருமையாகத்தான் இருக்கும். காது புதுச் சத்தத்தில் மயங்கிக் கிடக்கும் நேரம் அது. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து எழுதுகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது எப்படி உறுமுகிறது என்று பார்த்து எக்ஸாஸ்ட் வாங்காதீர்கள். டாப் கியரில், ஒரே வேகத்தில், கால் அசையாமல் போகும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். வண்டியோடு கழியும் நேரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

வண்டி 2012-இல் அறிமுகமான முதல் தலைமுறை 86. சுபாருவின் 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை), டர்போ கிடையாது. சிலிண்டர் விட்டமும் 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ. பவர் 200 எச்.பி., அதுவும் 7,000 ஆர்பிஎம்மில்தான் முழுசாகக் கிடைக்கும். கம்பெனி சைலன்சர் அடக்கமானது. எஞ்சின் குரல் உள்ளே கேட்க வேண்டும் என்பதற்காகவே இன்டேக்கிலிருந்து (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) டாஷ்போர்டு பக்கமாக ஒரு குழாய் தனியாகப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு ரெவ் ஏறும் எஞ்சினின் குரல் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்ற ஆசைதான் என்னை இதில் இறக்கியது.

பவர் கூடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். இந்த வண்டியில் கேட்-பேக் மட்டும் மாட்டினால் கூடுவது மிகக் குறைவு, ஓட்டும்போது உணரக்கூடிய அளவு இல்லை. கேட்-பேக் என்பது புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி: நடுப்பைப், ரெசனேட்டர் (சில ஒலிகளை மட்டும் அடக்கும் பெட்டி), மஃப்ளர் (சைலன்சர்), டிப் (வெளியே தெரியும் குழாய் வாய்). புகை தடைபடும் இடங்கள் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. 86-ஐப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் டார்க் குழியும் தெரியும். சுமார் 3,500-க்கும் 4,500 ஆர்பிஎம்முக்கும் நடுவில் இழுவை கொஞ்சம் அமுங்கி, பிறகு எழும். அந்தக் குழியை நிரப்புவது ஹெடரும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் முன்குழாய்கள்) ஈசியூ டியூனிங்கும் (எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்துவது) சேர்ந்த வேலை. கேட்-பேக்கால் அது ஆகாது. ஆனால் இந்த வண்டியில் முதல் கன்வெர்ட்டர் ஹெடரிலேயே சேர்ந்து வருகிறது. கடையில் கிடைக்கும் ஹெடர்கள் பலவற்றில் அது இருக்காது. கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அதையும் மீறி எடுத்தால் சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிவரும், டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கும் எரியும். அதனால் ஹெடரை நான் தொடவேயில்லை. சத்தத்துக்காகவும் கொஞ்சம் எடைக் குறைப்புக்காகவும்தான் கேட்-பேக் வாங்கினேன், அந்தக் கணக்கில் பார்த்தால் முழுத் திருப்தி.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். பழைய சுபாரு டர்போ கார்களின் 'டப டப' குரல் இதில் வருமா என்று கேட்கிறார்கள். வராது. அந்தக் குரலுக்குக் காரணம் நீளம் ஒன்றாக இல்லாத ஹெடர் பைப்புகள். சிலிண்டர்களின் துடிப்பு ஒரே சீரான இடைவெளியில் வந்து சேராமல் தாளம் தப்பி வருவதுதான் அந்த ஒலி. 86-இன் ஹெடர் பைப்புகள் ஏறத்தாழ ஒரே நீளம். துடிப்பு சீராக வருவதால் குரலும் சீராகவே இருக்கும். பின்னால் எந்த மஃப்ளரை மாட்டினாலும் முன்னால் அமைந்த தாளம் மாறாது, அதன் கனமும் நிறமும்தான் மாறும். எனக்கு அந்தச் சீரான குரலே பிடித்திருக்கிறது. 5,000-ஐத் தாண்டியதும் தகரச் சத்தம் எதுவும் கலக்காமல் நன்றாக மேலே ஏறிப் போகிறது.

இனி டிரோன், அதாவது ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் விடாமல் முழங்கும் தாழ்ந்த ஒலி. எக்ஸாஸ்ட் தேர்வில் இதைவிட முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எரிப்பு நடக்கிறது. ஆகவே ஆர்பிஎம்மை 30-ஆல் வகுத்தால் எக்ஸாஸ்ட்டின் அடிப்படை ஒலி எத்தனை ஹெர்ட்ஸ் என்று கிடைத்துவிடும். 3,000 ஆர்பிஎம் என்றால் 100 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டருக்கு 20-ஆலும், எட்டு சிலிண்டருக்கு 15-ஆலும் வகுக்க வேண்டும். 4.1 ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்குப் பின் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) உள்ள மேனுவல் 86 ஆறாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது ரெவ் ஏறத்தாழ 2,700. அதாவது 90 ஹெர்ட்ஸ். சின்ன கார்களின் கேபினுக்குள் காதை அடைக்கிற மாதிரி தேங்கி நிற்கும் ஒலி பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். நாம் நெடுந்தூரம் போகும் வேகமும் கேபின் முழங்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இதை கேட்லாக்கில் போடும் டெசிபெல் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்கள் வழக்கமாக ஏ-வெயிட்டிங் முறையில் எடுக்கப்படுபவை. அந்த முறை தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் கழிப்பது சுமார் 19 டெசிபெல். மனிதக் காது மெல்லிய ஒலியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப அமைத்த அளவு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிரோன் என்பது காதோடு நிற்பதில்லை; மண்டைக்குள்ளும் நெஞ்சிலும் அழுத்தும். ஒரே டெசிபெல் போட்ட இரண்டு எக்ஸாஸ்ட்டில் ஒன்றில் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே போகலாம், மற்றொன்றில் அரை மணியில் தலைவலி வரும். போனில் எடுத்த வீடியோக்களும் உதவாது. போனின் சின்ன மைக் இந்தத் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிப்பதில்லை, சத்தம் ஏறினால் தானே குறைத்துவிடவும் செய்யும்.

ஆகவே நான் செய்தது, வாங்கும் முன் இதே மாடல் வண்டியில் மாட்டியவர்களைத் தேடிப் பிடித்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனது. ஸ்டார்ட் செய்து ரெவ் கொடுத்துக் காட்ட எல்லாரும் ஆசைப்படுவார்கள். அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஹைவேயில் ஆறாவது கியரில் கொஞ்ச தூரம் கூட்டிப்போகச் சொன்னேன். ஏற்றத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது டிரோன் இன்னும் நன்றாக வெளிப்படும், அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் ஒரு தடவை உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. சீட் என்று அதை அழைப்பதற்கே மனசு வர வேண்டும், ஆனாலும் மஃப்ளர் அதற்கு மிகப் பக்கம்.

அப்படிக் கேட்டதில் தெரிந்த விஷயம், நடுப்பைப்பில் ரெசனேட்டர் இருக்கும் செட்டுக்கும் இல்லாத செட்டுக்கும் உள்ள தூரம். பின் மஃப்ளரை மட்டும் மாற்றும் ஆக்ஸில்-பேக் மலிவு, சத்தமும் வரும். ஆனால் டிரோனை அடக்க அதில் இடம் குறைவு. ரெசனேட்டரோடு கூடிய முழு கேட்-பேக்கையே நான் எடுத்தேன். இன்னும் தேவைப்பட்டால் ஜே-பைப் என்று சொல்லும் முட்டுச்சந்துக் குழாயைப் பக்கவாட்டில் பற்றவைப்பது உண்டு. ஒலி அதற்குள் போய்த் திரும்பி, வரும் ஒலியையே அழிக்கும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும் என்று வைத்தால் 90 ஹெர்ட்ஸுக்கு 95 செ.மீ. வரும். 350 டிகிரி சூட்டில் ஒலியின் வேகம் 500 மீட்டர், அப்போது குழாய் 1.4 மீட்டர். முட்டுக் குழாய்க்குள் ஓட்டம் இல்லாததால் சூடு குறைவு, சரியான நீளம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதனால்தான் இதைச் செய்பவர்கள் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டு வெட்டிக் குறைத்துச் சரிபார்க்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

பைப் விட்டம் விஷயத்தில் பெரிசுதான் நல்லது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 60 மி.மீ.யிலிருந்து 76-க்குப் போனால் குறுக்குவெட்டுப் பரப்பு 1.6 மடங்கு ஆகிறது. டர்போ வைத்து பவரை வெகுவாக ஏற்றியவர்களுக்கு அது வேண்டும். டர்போ இல்லாத 200 எச்.பி.க்கு 60 முதல் 65 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் எடையும் முழக்கமும்தான் கூடும், குரலும் வெறுமையாகிவிடும்.

உலோகத்தில் நான் எடுத்தது 304 என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ளது. 409 என்பது மலிவான வகை, குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பு ஏறும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழுந்துவிடாது. பல கார் கம்பெனிகள் இதைத்தான் போடுகின்றன. டைட்டானியத்தின் எடை எஃகில் 60 சதவீதத்துக்கும் கீழே. ஸ்லொவேனியாவின் எக்ஸாஸ்ட் கம்பெனி அக்ராபோவிச் போன்றவர்கள் அதில்தான் பேர் வாங்கினார்கள். அழகிலும் எடைக் குறைவிலும் டைட்டானியம் உயர்த்திதான், என் தேவைக்கு 304 போதும் என்று முடிவு செய்தேன். ஒற்றை வாய் டைப்பில் எடை இன்னும் குறையும், ஆனால் பம்பரின் மறுபக்கம் பொக்கையாகத் தெரியும். என் மனசு அதற்கு ஒப்பவில்லை, இரட்டை வாய்தான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது சூட்டில் நீளும் அளவு. 2 மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 300 டிகிரி ஏறினால் ஒரு செ.மீ. நீளும். குளிர்ந்த நிலையில் டிப்பை பம்பரோடு ஒட்டி அழகு பார்த்தால் சூட்டில் உரசும், பெயின்ட்டும் போகும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்கி, பைப்பை ஆட்டி அசைத்து நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும். பைப்பைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கரை மாட்ட, வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஸ்பிரிங் போல்ட் இணைப்பில் கேஸ்கெட்டைப் புதுசாகவே போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்கு ஆன்டி-சீஸ் (மரை சிக்காமல் காக்கும் பசை) தடவாமல் இறுக்கினால் மரை கடித்துக்கொண்டு கழற்ற முடியாமல் போகும். சில நூறு கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வருஷங்கள் போனதில் என்ன மாறியது என்றால், முதலில் குரல். துளையிட்ட உள்குழாயைச் சுற்றி நார் அடைத்த நேர்வழி மஃப்ளர் இது. முதல் சில ஆயிரம் கி.மீ.யில் நார் படிந்து குரல் கொஞ்சம் கனத்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. டிராக்கில் நீண்ட நேரம் கொதிக்கவிடுபவர்களுக்கு நார் சீக்கிரம் கரையும், சத்தம் ஏறும். டிப்பில் கரி படிகிறது, நேரடி ஊசிப் பாய்ச்சல் உள்ள எஞ்சினில் இது சகஜம். முன்பக்கப் பைப் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கிறது, துரு இல்லை.

துருவுக்கு வெளி மழையைவிட உள்ளே தேங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. அடுத்த தெரு வரை ஓட்டி நிறுத்தினால் மஃப்ளர் சூடேறாமல் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும். குறுந்தூரம் மட்டும் ஓட்டும் வாரங்களில் ஒரு நாளாவது அரை மணிக்கு மேல் ஓட்டுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் இன்றும் எனக்கு உறுத்தல். கன்வெர்ட்டரைச் சூடாக்க எஞ்சின் தானே ரெவ்வை ஏற்றி வைக்கும், அந்த ஒரு நிமிஷம் தெருவுக்கே கேட்கும். ஸ்டார்ட் செய்ததும் நின்று சூடாக்காமல் மெதுவாகக் கிளம்பிவிடுகிறேன், எஞ்சினுக்கும் அதுதான் நல்லது. சத்தத்தைச் சட்டப்படி அளப்பதும் தெரிந்திருக்க வேண்டும். நின்ற நிலைச் சோதனையில் டிப்பிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து, இந்த எஞ்சினுக்கு 3,750 ஆர்பிஎம்மில் அளப்பார்கள். ஐ.நா.வின் ஒழுங்குமுறை 59-இன்படி ஒப்புதல் பெற்ற மஃப்ளரில் வட்டத்துக்குள் 'ஈ' முத்திரை பொறித்திருக்கும். உங்கள் நாட்டில் அது செல்லுமென்றால் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். இன்ஷூரன்ஸுக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

2021-இல் வந்த 2.4 லிட்டர் ஜிஆர் 86 வைத்திருப்பவர்களுக்கு ஹெடர் ஆசையே அதிகம் வர வேண்டியதில்லை, 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3,700-லேயே கிடைத்துவிடுகிறது. கேட்-பேக் தேர்வில் மட்டும் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். பழைய செட் வாங்குவதானால் மஃப்ளரைக் கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் தடுப்பு உடைந்திருக்கிறது. ஹேங்கர் கம்பி பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா, ஃபிளாஞ்ச் (பைப்புகளை இணைக்கும் தட்டு) தட்டையாக உட்காருகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் கீறலையும் நிறமாற்றத்தையும் பொருட்படுத்த வேண்டாம்.