பேர்ட்ஸ்வில் ட்ராக்கா, ஸ்ட்ரெஸ்லெக்கி ட்ராக்கா? பறவை பாக்கப் போறவங்களுக்கு

ஆஸ்திரேலியால அடிலெய்டுல இருந்து வடக்க, அவுட்பேக்னு சொல்ற வறண்ட உள்நாட்டுப் பக்கம் பறவை பாக்க கார்ல போகணும்னு கிளம்புறவங்க பாதி பேர் இந்த ரெண்டு ரோட்டுக்கு நடுவுலதான் குழம்புவாங்க. மரீல இருந்து பேர்ட்ஸ்வில் போறது 517 கிமீ, லிண்ட்ஹர்ஸ்ட்ல இருந்து இன்னமிங்கா போற ஸ்ட்ரெஸ்லெக்கி கிட்டத்தட்ட 470. நாங்க பேர்ட்ஸ்வில் ட்ராக்கத்தான் எடுத்தோம், இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஸ்ட்ரெஸ்லெக்கில நான் போனது மாண்டிகொலினா போர் (ஆழ்துளைக் கிணறு) வரைக்கும்தான், அதுக்கு வடக்க சொந்த அனுபவம் இல்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க.

வண்டி விஷயத்துல பெரிய வித்தியாசம் இல்ல. நல்ல ஃபோர் வீல் ட்ரைவ், ரெண்டு ஸ்டெப்னி, தாராளமா குடிதண்ணி, போறது மே டு செப்டம்பர். மழை பெஞ்சா ரெண்டையும் மூடிடுவாங்க, மூடின ரோட்ல ஓட்டினா ஃபைன். ஸ்ட்ரெஸ்லெக்கிய கொஞ்சம் கொஞ்சமா தார் போட்டுட்டு வர்றாங்க, ஆனா மூம்பா கேஸ் ஃபீல்டுக்குப் போற பெரிய லாரிங்க அதுலதான் ஓடும். பெட்ரோல் டீசல் பேர்ட்ஸ்வில் ரூட்ல பாதி வழில மங்கரானில கிடைக்கும், ஸ்ட்ரெஸ்லெக்கில இன்னமிங்கா போய்ச் சேர்ற வரைக்கும் ஒன்னும் கிடையாது.

இதெல்லாம் சமாளிச்சுக்கலாம். முடிவு பண்ண வேண்டியது தண்ணிய வச்சுத்தான். வறண்ட காட்ல பறவைய தேடி நீங்க அலையக் கூடாது, அது வர்ற எடத்துல நீங்க போய் உக்காரணும். விதை தின்னுற ஜாதி, அதாவது கிளி, புறா, ஃபின்ச் எல்லாம் காஞ்ச விதையையே தின்னுட்டு இருக்கறதால தண்ணி குடிக்க வந்தே ஆகணும். பேர்ட்ஸ்வில் ட்ராக் மாடு ஓட்டிட்டுப் போன பாதை, அந்த மாடுங்களுக்காக 1890கள்லயே வழி நெடுக ஆழமா ஆர்ட்டீசியன் போர், அதாவது பூமிக்கடில இருக்கற அழுத்தத்துல தண்ணி தானா மேல வர்ற கிணறு, போட்டாங்க, சில எடத்துல தண்ணி கை வைக்க முடியாத சூட்ல வரும், ஓடி ஆறி ஒரு குட்டையா தேங்கி நிக்கும், சுத்தி கோரை முளைச்சிருக்கும். மங்கரானி ஹோட்டல் பக்கத்துல இருக்கறது இப்படி போர் தண்ணில உருவான ஈரநிலம்தான். சுத்திலும் கல்லும் மணலும், அதுக்கு நடுவுல வாத்து, கொரெல்லாங்கற வெள்ளைக் காக்கட்டூ, ராத்திரி கொக்குனு கூட்டமா இருக்கும்.

அங்க காலைல ஒரு எடத்துல அசையாம உக்காந்தீங்கன்னா பட்ஜிங்க வரும், நம்மூர் கடைல லவ் பேர்ட்ஸ்னு கூண்டுல வச்சு விக்கிறாங்களே அதேதான், இங்க பச்சைப் பசேல்னு ஒரு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல திரும்பும் பாருங்க, கூண்டுல பாத்தவங்களுக்கு அது வேற பறவை. ஸீப்ரா ஃபின்ச்ச பைனாகுலர்ல நல்லா கவனிங்க. மத்த குருவிங்க மாதிரி தலைய தூக்கித் தூக்கி முழுங்காது, புறா மாதிரி அலக தண்ணில வச்சு அப்படியே உறிஞ்சிடும். வல்லூறு சுத்துற எடத்துல சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்பினாத்தான் உசுரு மிஞ்சும்.

கல்லுத் தரைய கிப்பர்னு சொல்லுவாங்க, அதுல கிப்பர்பேர்டுங்கற சின்னப் பறவை ரோட்டோரமாவே நிமிர்ந்து நிக்கும், மெதுவா போனா வண்டில இருந்தே பாக்கலாம்.

ஸ்ட்ரெஸ்லெக்கி ஒசத்தி எதுலன்னா பூச்சி தின்னுற சின்ன குருவிங்கள்ல. அதுங்களுக்குத் தேவையான ஈரம் பெரும்பாலும் பூச்சிலயே கிடைச்சிடும், தண்ணிப் பக்கம் காத்திருந்து பிரயோஜனம் இல்ல. செஸ்ட்நட் பிரெஸ்டட் வைட்ஃபேஸ்ங்கற குருவி சவுத் ஆஸ்திரேலியா மாநிலத்துல மட்டும்தான் இருக்கு, அத தேடுற எல்லாரும் மவுண்ட் லிண்ட்ஹர்ஸ்ட் பக்கம்தான் போவாங்க. மாண்டிகொலினா மணல் மேட்டுல ஐரியன் கிராஸ்ரென் உண்டு. 1874-ல கண்டுபிடிச்சு, அப்புறம் 1961 வரைக்கும் யார் கண்ணுலயும் உறுதியா சிக்காத பறவை. ஆனா அது பேர்ட்ஸ்வில் பக்கத்துல பிக் ரெட் மணல் மேட்டுலயும் இருக்கு, அதுக்காக மட்டும் ஸ்ட்ரெஸ்லெக்கி போக வேண்டியதில்ல.

வைட்ஃபேஸ் கண்டிப்பா வேணும்னா மவுண்ட் லிண்ட்ஹர்ஸ்ட் வரைக்கும் மட்டும் போய் ஒரு காலைப்பொழுது தேடிட்டு லிண்ட்ஹர்ஸ்ட்டுக்கே திரும்பிடுங்க, அங்க இருந்து மரீ 80 கிமீதான், ராத்திரி அங்க தங்கிட்டு மறுநாள் பேர்ட்ஸ்வில் ட்ராக்ல ஏறிடலாம்.