20 கிலோ தம்பிள்ஸ் செட்: இரும்பு சரி, பெட்டி மேல் எழுதியதுதான் சரியில்லை

ஏழு மாதமாக இதைத் தூக்குகிறேன், இப்போது வாரத்துக்கு மூன்று நாள், அதனால் பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் குத்துகிற ரகத்து விமர்சனம் இல்லை இது. எனக்கு வயது 44, நாள் முழுக்க நாற்காலி வேலை, ஜிம் வாசல்படி மிதித்ததில்லை. இதை வாங்க வைத்தது இரும்பு இல்லை, பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருந்த ஒரு வரி: 'ஆண் ஹார்மோனை இயற்கையாக உயர்த்தும்'. மதியம் மூன்று மணிக்கே கண் சொக்குகிறவனுக்கு அந்த ஒரு வரி போதாதா?

முதலில் சாமானைப் பார்ப்போம். உள்ளே ராடு 2, இரண்டரை கிலோ பிளேட் 4, ஒன்றேகால் கிலோ பிளேட் 4, முடுக்குகிற நட்சத்திர நட்டு 4. பெட்டியில் போட்டிருக்கும் 20 கிலோ என்பது ராடு, நட்டு எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. பிளேட்டை மட்டும் கூட்டினால் 15தான் வருகிறது. ஒரு ராடும் அதன் இரண்டு நட்டும் சேர்ந்து இரண்டரை கிலோ, அதற்கு மேல் 5, 7.5, 10 என்று ஏற்றலாம், அதோடு முடிந்தது, மொத்தம் நான்கே படி.

இந்தப் படிக் கணக்கை விலாவாரியாகச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பில் பலம் ஏறுவதே கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுவதால்தான். 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட வீரர்களுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்தார், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. இந்த செட்டில் தோளுக்கு மேல் தூக்குகிற பிரஸ் செய்யும்போது 7.5-லிருந்து அடுத்த தாவல் நேராக 10, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஒரே மூச்சில் கூடுகிறது. நான் ஐந்து வாரம் 7.5-லேயே மாட்டிக்கொண்டேன். அப்புறம் எடையை விட்டுவிட்டு ரெப்பை, அதாவது நிறுத்தாமல் தூக்குகிற தடவையை, 8-லிருந்து 15 வரை ஏற்றிக்கொண்டு போய், அதன் பிறகு 10-ஐ எடுத்தால் ஆறு முறை போனது, ஏழாவதில் முழங்கை நடுங்கியது. கூடவே அரை கிலோ பிளேட் நான்கு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காலுக்கு நேர் எதிர்க்கதை. இரண்டே மாதத்தில் ஸ்குவாட்டுக்கு இந்த எடை பத்தவில்லை. எட்டு பிளேட்டையும் ஒரே ராடில் மாட்டினால் 17.5 கிலோ வரும், அதை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்து எழுந்தேன். நட்டுக்கு வெளியே இரண்டு மரைதான் மிச்சம், பார்க்கவே பயமாக இருக்கும்.

பயம் வீண் இல்லை. நட்டுதான் இந்த செட்டின் பெரிய குறை. நட்டுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது தேய்ந்தாலோ கழன்று விழுந்தாலோ நட்டு தானாகவே சுற்ற ஆரம்பிக்கிறது, அதுவும் குனிந்தபடி எடையை வயிற்றுப் பக்கம் இழுக்கிற ரோ செய்யும்போது ஒரு பக்கம் மட்டும். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி ஒன்பதாவது ரெப்பில் 'டங்' என்று ஒரு சத்தம், இரண்டரை கிலோ பிளேட் என் கால் கட்டைவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்து தரை ஓட்டில் நிலாப்பிறை மாதிரி ஒரு தடம் போட்டுவிட்டது. புகார் எழுதினேன், பதினைந்து நாள் கழித்து புது நட்டு அனுப்பினார்கள், ரப்பர் வளையம் இல்லாமல்! குழாய் ரிப்பேருக்கு வைத்திருந்த ரப்பர் வாஷர் ஒன்றைப் போட்டுத்தான் சமாளிக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இரண்டு பக்கமும் ஒரு திருகு திருகிப் பார்ப்பது இப்போது அனிச்சையாகிவிட்டது.

கைப்பிடியின் சொரசொரப்பு அருமை, வியர்த்தாலும் வழுக்காது. பெயின்ட் உதிரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி பெட்டிக்குள் இருந்த 16 பக்கக் கையேடு. வாரத்துக்கு ஆறு நாள் செய்யச் சொல்கிறது, முதலில் காலுக்குக் கடினமாகச் செய்தால் ஹார்மோன் பொங்கி வரும், அந்தச் சூட்டோடு கைக்குச் செய்தால் கை பெருக்கும் என்கிறது. நானும் நம்பி ஒரு மாதம் செய்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன்: கனமாகத் தூக்கியதும் டெஸ்டோஸ்டிரோன் என்கிற அந்த ஆண் ஹார்மோன் கொஞ்சம் ஏறுவது உண்மை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 12 இளைஞர்கள், 15 வாரம், ஒரு கைக்குத் தனியாகப் பயிற்சி, இன்னொரு கைக்கு வேறொரு நாள் கால் பயிற்சியோடு சேர்த்து. இரண்டு கையும் ஒரே அளவுதான் வளர்ந்தன. ஒரே ஆளின் இரண்டு கை என்பதால் சாப்பாடு, தூக்கம், பரம்பரை என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. கையேட்டின் அடித்தளமே அங்கே காலி.

அதற்காக ஹார்மோனுக்கு இதனால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை, பெட்டி தப்பான ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, அவ்வளவுதான். இன்சுலினும் ஹார்மோன்தானே? தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். அதனால்தான் வாரத்தில் ஒரே நாள் போட்டுத் தாக்குவதைவிட விட்டு விட்டு மூன்று நாள் செய்வது மேல். இடுப்புக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிற வேலையும் செய்கிறது, அந்தக் கொழுப்பு குறைந்தால் அந்த வகையிலும் லாபம். எனக்கு பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. எல்லாம் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிற காரியம், பெட்டியில் போட விளம்பர வரியாக எடுபடாது.

வாங்கின புதிதில் ஒரு கூத்தும் நடந்தது. வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க ரத்தம் கொடுத்தேன், அளவு குறைவு என்று தாளில் சிவப்பில் வந்தது, அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது. மருத்துவர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" காலையில்தான் அது உச்சத்தில் இருக்கும், பத்து மணிக்குள் வெறும் வயிற்றில் இரண்டு வேறு நாட்களில் பார்த்தால்தான் கணக்கு என்றார். பார்த்தேன், இரண்டு நாளும் சரியாகவே இருந்தது. எனக்கு இருந்த குறை தூக்கம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 2011-ல் வந்தது, ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. நான் வருஷக்கணக்காக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவன். கையேட்டில் தூக்கம் என்ற சொல்லே இல்லை, ஆறு நாள் திட்டத்தில் ஓய்வுக்கும் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்றுதான் சொல்கிறது. நான் மூன்றோடு நிறுத்தியதும்தான் தோள்பட்டை வலி விட்டது.

பெட்டி மேல் ஆண் படம் மட்டும் போட்டிருப்பதால் என் மனைவி முதலில் சீண்டவே இல்லை. "எனக்கு எதுக்குங்க, கை கடா மாதிரி ஆகிடும்" என்றாள். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பதினைந்து மடங்குக்குக் குறையாமல் கம்மி, அப்படியெல்லாம் ஆகிவிடாது. உண்மையில் அவளுக்குத்தான் இது அதிகம் தேவை, மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது எலும்பும் சேர்ந்து தேய ஆரம்பிக்கும். ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் கனமாகத் தூக்க வைத்து, எட்டு மாதத்தில் அடர்த்தி கூடியதைக் காட்டினார்கள். ஆனால் அது பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் தூக்குகிற நீளக் கம்பியான பார்பெல்லில் நிஜமாகவே கனமான எடையோடு செய்தது. இந்த 20 கிலோ செட் அந்த வேலையைச் செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், தொடங்குவதற்குப் போதும். ஏற்கெனவே எலும்பு தேய்ந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவும் வேண்டாம்.

இப்போது அவள் 5 கிலோவில் செய்கிறாள், நான் 10-ல். ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போகிறது, வீட்டில் நடக்கிற ஒரே சண்டை இப்போது இதுதான். இரண்டு பேர் செய்வதாக இருந்தால் ஆளுக்கு ஒரு ஜோடி ராடு வாங்கிவிடுங்கள், வாங்கும்போது ராடின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். 25, 28 மில்லிமீட்டர் என்று வேறு வேறாக வருகிறது, அவசரத்தில் நான் வாங்கிய கூடுதல் பிளேட் இரண்டும் ராடில் ஏறாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கின்றன. இரும்புக்கு நான்கு நட்சத்திரம், நட்டுக்கு ஒன்று, கையேட்டுக்கு ஒன்றும் கிடையாது.