மண்வீடும் தோட்டமும்: இரண்டு நாள் பட்டறையா, தங்கிப் படிப்பதா, கொத்தனாரிடம் நிற்பதா?

போன பங்குனியில் திருமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் மோட்டார் ரூமுக்கு நானே மண்பூச்சு பூசினேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் நடந்த, மண்சுவர் வேலை கற்றுத் தரும் இரண்டு நாள் பட்டறைக்குப் போய் வந்திருந்தேன். அங்கே சொன்ன அளவு எனக்கு மனப்பாடம்: ஒரு பங்கு மண், இரண்டு பங்கு மணல், கைப்பிடி வைக்கோல். பூசி முடித்த மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வெடிப்பு. சில இடங்களில் சுண்டுவிரலே நுழைந்தது.

பட்டறையில் தவறாக எதுவும் சொல்லித் தரவில்லை. அங்கே இருந்தது செம்மண், எங்கள் நிலம் கரிசல். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் அந்தப் பக்கம் வயலில் வாய் பிளந்து கிடக்கும் வெடிப்பைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதே மண்ணைச் சுவரில் பூசும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போதிருந்து, மண்வீடு கட்டுவதையும் தோட்டம் போடுவதையும் எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது கேட்டால் பட்டறையின் பெயரைச் சொல்வதற்கு முன் உங்கள் மண் என்ன மண் என்று கேட்கிறேன்.

மதுரையில் இருப்பவருக்கு வழி மூன்று. முதலாவது இந்த இரண்டு நாள் பட்டறை. சனிக்கிழமை காலை போனால் தார்ப்பாயில் மண் குவிந்திருக்கும், இருபது பேர் சேர்ந்து மிதிப்போம். இதன் பலன் பெரியது: கை பழகுகிறது. குழைத்த மண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். சிதறினால் ஈரமோ களிமண்ணோ போதாது, அப்பளமாகப் பரந்தால் தண்ணீர் அதிகம். லேசாகத் தட்டையாகி ஓரத்தில் ஒன்றிரண்டு கீறல் மட்டும் விட்டால் சரி. இதை எத்தனை வீடியோ பார்த்தாலும் தெரிந்துகொள்ள முடியாது. உருண்டை உங்கள் கையிலிருந்து விழ வேண்டும்.

ஆனால் பட்டறையில் நாம் பார்ப்பது வேலையின் நடுப்பகுதியை மட்டும். நாம் போவதற்கு முன்பே மண்ணை ஊறப்போட்டிருப்பார்கள், சுண்ணாம்பை நீற்றி வைத்திருப்பார்கள், சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கும் கடுக்காய் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். கல் சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்து கொதிக்கிற அந்தச் சூட்டைப் பட்டறைக்கு வந்தவர்களில் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதேபோல் சுவர் காய்ந்து வெடிப்பதும் நாம் கிளம்பிய பிறகுதான்.

இரண்டாவது, தங்கிப் படிப்பது. இயற்கை இயங்கும் விதத்தைப் பார்த்து நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் சேர்த்துத் திட்டமிடுவதற்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். அந்தச் சொல்லையும் முறையையும் 1978-ல் உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும். அந்த வழியில் நடக்கும் வடிவமைப்புப் படிப்புக்கு உலகம் முழுக்க 72 மணி நேரம் என்பது கணக்கு, ஏறக்குறைய இரண்டு வாரம். கட்டுமானத்துக்கு ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே செங்கல் எடுக்கும் முறையில் அவர்கள் பெயர் பெற்றவர்கள். சிமெண்ட் ஒரு துளியும் கூடாது என்பவர்களுக்கு இது ஒத்துவராது. மாடி வீட்டுக்குக் கணக்குப் போட்டு, சுமை பார்த்து, வளைவு கட்டக் கற்க வேண்டும் என்றால் அங்கே போவதுதான் சரி என்பேன். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே கற்க வேண்டும், தோட்டம்தான் முக்கியம் என்றால் கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை இருக்கிறது. அவர் 2013 டிசம்பரில் மறைந்த பிறகும் பயிற்சிகள் நடந்துவருகின்றன. வறண்ட மேட்டு நிலத்தில் மரம் வளர்த்துக் காட்டிய இடம். மதுரைக்காரருக்கு அந்த வறட்சி பழகியதுதானே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழை அதிகம் பெய்யும் ஊர்களில் சொல்லும் மேட்டுப்பாத்தியை நம்மவர்கள் அப்படியே எடுத்து வந்துவிடுகிறார்கள். மதுரைக்கு வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். சித்திரை வெயிலில் மேட்டுப்பாத்தி இரண்டே நாளில் காய்ந்துவிடும். நம் ஊருக்குப் பள்ளப்பாத்திதான். தரையைவிட அரை அடி தாழ்த்தி, மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் தண்ணீர். அதை நிறுத்தச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வரப்புப் போட வேண்டும். இரண்டு கம்பு, குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல் போதும், மட்டம் பிடித்துவிடலாம். இதைப் பட்டறையில் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார்கள். வரப்பு எந்த இடத்தில் உடைகிறது என்பது முதல் பெருமழையில்தான் தெரியும். அன்று நீங்கள் அங்கே குடையோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது வழிக்குப் பெயரும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஊரில் மண்சுவர் வைத்த கை இன்னும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கிறது. அவரிடம் சித்தாளாக நிற்பது. வெடிப்பு விழுந்த பிறகு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு துண்டைப் பெயர்த்து, துளி மண்ணைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார்.

"நறநறன்னு இருக்கணும் தம்பி. இது வெண்ணெயாட்டம் வழுக்குதே. நீ மணல் போட்டது பத்தல."

"எவ்வளவு போடணுங்கய்யா?"

"கடிச்சுப் பாத்துக்கிட்டே போடு. புத்து மண்ணு கெடைச்சா அதையும் சேத்துக்க."

இதற்குப் பட்டறைக்காரர்களின் வழியும் உண்டு. பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் நிற்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள் மேலே படியும். அளவு கண்ணுக்குத் தெரியும். பெரியவருக்கு அது பல்லில் தெரிகிறது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன், இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லின.

அவரிடம் குறையும் உண்டு. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். அவர் நினைத்த நாளில்தான் வருவார். சுவரை ஒரே நாளில் ஏற்ற விடமாட்டார். ஒரு படை, ஒன்றரை அடி, அப்புறம் காய வேண்டும். லீவு போட்டு வந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். தரை மெழுகும் வேலைக்கு என் அப்பத்தா வயதுப் பெண்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது, ஆனால் பட்டறை நோட்டீஸில் அவர்கள் பெயர் வருவதில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். கட்டுமானத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே வழி ஒத்துவராது. சுவர் வைப்பது திரும்பத் திரும்பச் செய்து கை ஏறும் வேலை. அதற்கு ஒரு பட்டறை, பிறகு மாசி பங்குனியில் பதினைந்து நாள் கொத்தனாரிடம் விடாமல் நிற்பது. தோட்டத்துக்கு நேர்மாறு. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் படிப்பதைவிட, ஒரே தோட்டத்துக்குச் சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று நான்கு முறை போய் ஒவ்வொரு நாள் வேலை செய்வது மேல். சித்திரையில் செத்த செடியையும் ஐப்பசியில் உடைந்த வரப்பையும் ஒரே ஆள் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபடும்.

எந்தப் பட்டறைக்கும் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: போன வருடம் கட்டிய சுவரைக் காட்ட முடியுமா? ஒரு மழைக்காலம் பார்த்த சுவரைத் தயங்காமல் கூட்டிப்போய்க் காட்டுகிறவரிடம் தைரியமாகச் சேரலாம். அடிப்பக்கம் கரைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஏன் கரைந்தது என்று அவர் சொல்கிறாரா என்று பாருங்கள். சுவருக்கு அடியில் கருங்கல் கட்டு எவ்வளவு உயரம், இறவாரம் எவ்வளவு நீளம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். மதுரையில் இருந்துகொண்டு சுண்ணாம்பு தாங்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு நடை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வரலாம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு 1636-ல் கட்டியது.

மோட்டார் ரூம் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடித்துப் பார்த்து மணல் கூட்டி, புற்று மண்ணும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் புதிதாகப் பூசியிருக்கிறேன். இப்போது மயிரிழைக் கீறல் மட்டும்தான். சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் ஓலை இறவாரத்தை இரண்டடி நீட்டச் சொன்னார் பெரியவர். ஒன்றரை அடிதான் நீட்டியிருக்கிறேன், மீதி அரை அடிக்கு நாளைக்கு ஓலை வருகிறது.