கோத்தகிரியில் இரண்டு நாள் பாலியல் விழிப்புணர்வுப் பயிலரங்கு: சென்று வந்தவளின் மதிப்பீடு

வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனி, ஞாயிறில், கோவையிலிருந்து வந்த பயிற்சிக் குழு ஒன்று கோத்தகிரியில் நடத்திய பயிலரங்கில் 400 ரூபாய் கட்டிக் கலந்துகொண்டேன். பாலியல், பாலினம், அதிகாரம், பாலியல் வன்முறை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் கூச்சமின்றிப் பேசப் பழகுவதே நோக்கம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். நான் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிப்பதற்காக அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் பட்டியலில் இரண்டு ஆண்டுகளாக என் பெயர் இருக்கிறது. குழுவோ ஒரு முறைகூடக் கூடியதில்லை. அந்த உறுத்தல்தான் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

முதல் நாள் காலை முழுவதும் சொற்களிலேயே கழிந்தது. பயிலரங்கின் மிகச் சிறந்த பகுதி என்று அதைத்தான் சொல்வேன். உடலின் மறைவான உறுப்புகளுக்கு அவரவர் வீட்டில் வழங்கும் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ‘அங்கே’, ‘கீழே’, ‘அது’, ‘சீச்சி’ என்று வந்த சீட்டுகளைப் பயிற்றுநர் ஒவ்வொன்றாகப் படித்தபோது முதலில் சிரிப்பு எழுந்தது. பத்தாவது சீட்டுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. மூக்குக்கும் முழங்காலுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு இவற்றை மட்டும் ‘சீச்சி’யாக விட்டுவைத்தால், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும் பிள்ளை எந்தச் சொல்லைக் கொண்டு தொடங்கும் என்று அவர் கேட்டார்.

அடுத்து ‘கெடுத்துவிட்டான்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். பால் கெட்டது, சோறு கெட்டது என்று எதைக் கொட்டிவிடுகிறோமோ அதற்குச் சொல்லும் வினையையே ஒரு பெண்ணுக்கும் சொல்கிறோம் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் இழப்பு முழுவதையும் அவள் பக்கமே எழுதுகிறது. ‘வன்புணர்வு’ என்பதுதான் அவன் செய்ததைப் பெயரிடுகிறது. என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், “அப்போ கெட்டவன் அவன்தானே?” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஆண் பிள்ளைகளைப் பற்றிய பகுதியும் நிறைவாக இருந்தது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். அவர்களில் சிறுவர்களே சற்று அதிகம். இரண்டு மகன்களின் தந்தையான ஒருவர் கையைத் தூக்கி, கடைசி வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும், ஆண் பெண் வேறுபாடின்றி, ‘குழந்தை’ என்றே குறிப்பிடுகிறது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

பாலினம் பற்றிய அமர்வு அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலத்தில் இது போதாது. மதியச் சாப்பாடும் சுமார்தான். தேநீரோடு கொடுத்த வர்க்கி மட்டும் அந்த ஈரத்திலும் நமத்துப் போகாமல் இருந்தது.

இனி, என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இரண்டு குறைகள்.

“இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது” என்ற உறுதிமொழியோடுதான் பயிலரங்கு தொடங்கியது. அறையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் இருந்தார்கள். ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. இதை இரண்டாம் நாள் பிற்பகலில்தான் பயிற்றுநர் சொன்னார். அதற்குள் அந்தப் பெண்களில் ஒருத்தி உறுதிமொழியை நம்பி வாயைத் திறந்திருந்தால், அவளைக் கேட்காமலேயே அவளுடைய கதை காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். பெண் காவலர் சீருடையின்றிக் குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்து வாக்குமூலம் வாங்கலாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைத்து உதவி கேட்கலாம் என்பவற்றையும் சேர்த்து முதல் பத்து நிமிடங்களிலேயே சொல்லியிருந்தால், பேசுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்திருப்பார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அதிகாரம் பற்றிய அமர்வில், ஒரே தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களையும் அவர்களுடைய மேஸ்திரியையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் சமம் என்பது பயிற்சி நடத்துபவர்களின் நம்பிக்கை. எந்தப் பெண்ணுக்கு எந்த நிரை, மழை நாளில் ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிவு என்பதையெல்லாம் முடிவு செய்பவர் எதிரே இருக்கும்போது, ‘முடியாது’ என்று சொல்வதற்கு என்ன விலை என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். “இவர்கள் கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று பயிற்றுநர் சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

தேநீர் இடைவேளையில் டம்ளர் கழுவும் குழாயடியில் அவர்களில் ஒருவர் என்னிடம், “அக்கா, அவரு உக்காந்திருக்கையில நான் என்னத்தச் சொல்ல?” என்றார். பிறகு தாமாகவே, கொழுந்து மூட்டையைத் தலைக்குத் தூக்கிவிட வருகிற கை மூட்டையில் மட்டும் படுவதில்லை என்றார். இரண்டு கைகளும் மேலே மூட்டையைப் பிடித்திருக்கும் நேரம் அது. தட்டிவிடக்கூடக் கை இருக்காது. அதை அவர் நடித்தே காட்டினார். பெயரும் தோட்டமும் தெரியாமல் எழுதிக்கொள்ள அவரிடம் சம்மதம் கேட்டே இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றிய இறுதி அமர்வு அவருக்காகவே நடந்ததுபோல இருந்தது. ஆனால் அதையும் அவர் மேஸ்திரிக்கு எதிரே உட்கார்ந்துதான் கேட்டார். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். நிர்வாகம் அனுப்பும் ஜீப்பும் பணியிடமே.

பெற்றோரும் ஆசிரியர்களும் தாராளமாகப் போகலாம். முதல் நாள் காலைக்கே 400 ரூபாய் தகும். தோட்டத் தொழிலாளர்களை அனுப்ப நினைப்பவர்கள், மேற்பார்வையாளர்களுக்குத் தனி நாள் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். நான் இதைப் பயிற்சிக் குழுவினருக்கு எழுதினேன். அடுத்த முறை பிரித்து நடத்துவதாகப் பதில் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை, எங்கள் உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணை எங்கே என்று அலுவலகத்தில் கேட்டேன். அது எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டியது. இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்தது. இலை எடை போடும் தராசுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டப் பார்த்தேன். ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. கடைசியில் ஆணிதான் அடித்தேன்.