இரட்டை வளையச் சுருட்டுக்கு இரட்டை விலை தகுமா?

பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவன் நான். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் மத்தியானம் ஆனால் திண்ணைக்குத் திண்ணை முறம் இருக்கும். ஊறவைத்த இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, அம்மாவும் பெரியம்மாவும் ஆயிரம் முடிக்கிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படிப்பேன். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை நடக்கும்போது நாவலும் செய்தித்தாளும் வாசித்துக் காட்டவே ஆள் உண்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த வழக்கம் இருக்கிறது என்று பின்னாளில் தெரிந்தபோது அந்தச் சுருட்டின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. வருஷத்துக்கு நாலைந்து, அதுவும் வயிறு நிறைந்த பிறகு. புகையிலை உடம்பைக் கெடுக்கும் என்பதை எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தூள் இருமல் இன்னும் அம்மாவை விடவில்லை.

துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் இரண்டு வருஷம் முன்னால் ஊருக்கு வந்தபோது கியூபச் சுருட்டு ரகமான மாண்டெகிறிஸ்டோவில் சுப்ரீமோஸ் மூன்று, மாண்டெகிறிஸ்டோ நம்பர் 2 மூன்று வாங்கி வந்தார். சுப்ரீமோஸ் 2019இன் லிமிடெட் எடிஷன். நம்பர் 2 எப்போதும் செய்கிற, கூர் முனைச் சுருட்டு. நம் பணத்தில் முதலாவது ஒன்று ஏறக்குறைய 5,000 ரூபாய், இரண்டாவது 2,500. அம்மாவிடம் விலையை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, "ஒண்ணு என்னோட இருபது நாள் கூலிடா" என்றார்.

அந்த இரட்டை விலையில் என்ன இருக்கிறது? கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2000இல் தொடங்கிய வரிசை இந்த லிமிடெட் எடிஷன். வழக்கமான காகித வளையத்துக்குக் கீழே கறுப்பும் பொன்னுமாக, ஆண்டு அச்சிட்ட இரண்டாவது வளையம் இருக்கும். செடியின் மேல்தட்டு இலையை மேலுறைக்கு எடுப்பதால் நிறம் கறுத்து, தொட்டால் எண்ணெய்ப் பசை தெரியும். முதலில் அந்த மேலிலையை மட்டும் இரண்டு வருஷம் பழக வைத்தார்கள். 2007 முதல் உள்ளே சுற்றுகிற இலைகளுக்கும் குறைந்தது இரண்டு வருஷம். இலையைப் பழக வைப்பது நிஜமான வேலை, அதற்குக் காசு கொடுக்கலாம். 2022 செப்டம்பரில் இயன் புயல் கியூபாவின் புகையிலைப் பகுதியான பினார் டெல் ரியோவின் இலை உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்த பிறகு விலை ஏறியதிலும் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நம்பர் 2 பெட்டியின் அடியிலும் மாதமும் வருஷமும் முத்திரை குத்தியிருக்கும். மச்சானிடம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் வாங்கினேன். அதுவும் 2019. அப்படியானால் இரண்டுமே சுற்றி முடித்து அத்தனை வருஷம் பெட்டியிலேயே இருந்தவை.

சுப்ரீமோஸ் பற்றவைத்ததும் அபாரம். வறுத்த காபிக்கொட்டை, கொஞ்சம் கருப்பட்டி, புகை கனமாக வாய் முழுக்க நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு போனதும் அந்த ருசி அப்படியே நின்றுவிட்டது. கடைசிவரை காபியும் கருப்பட்டியும்தான். நம்பர் 2 தொடக்கத்தில் சாதுவாக இருந்தது. நடுவில் மிளகுக் காரம் எழுந்தது, அப்புறம் ராணிப்பேட்டைப் பக்கம் போனால் வருமே, அந்தப் புதுத் தோல் வாசனை. முடிகிற இடத்தில் மணத்தக்காளி வற்றலை நெய்யில் வறுத்த மாதிரி ஓர் இனிய கசப்பு. ஒன்றேகால் மணி நேரம் மொட்டை மாடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நம்பர் 2வும் இப்படியே. மூன்று சுப்ரீமோஸில் இரண்டுதான் ஒழுங்காக இழுத்தது.

மூன்றாவதை அம்மாதான் கண்டுபிடித்தார். அதைக் கையில் வாங்கி, பீடியைப் பார்க்கிற மாதிரியே கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை அழுத்திக்கொண்டு போனார். வளையத்துக்குக் கொஞ்சம் கீழே விரல் நின்றது. "இங்க இறுக்கிட்டாங்கப்பா. இழுக்க வராது." வரவில்லை. பாதியில் இரண்டு தரம் அணைந்து, கசந்து, வைத்துவிட்டேன். பீடி என்றால் கம்பெனியில் கழித்துப்போட்டு இலைக்கும் தூளுக்கும் அம்மா கணக்கில் பிடித்திருப்பார்கள். 5,000 ரூபாய்க்கு இந்தத் தவறு வரக்கூடாது.

வேலூர் பக்கம் வாங்குகிறவர்களுக்கு வளையத்தைவிட முக்கியமானது வெயில். இங்கே மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்தால் சுருட்டில் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். விலையுயர்ந்த மரப்பெட்டி எதுவும் என்னிடம் இல்லை. காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, அதற்குள் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பொட்டலம் ஒன்று, நடு அறையில் தரையோடு இருக்கும் அலமாரித் தட்டு. கோடை முழுக்க ஏசி ஓடுகிற அறை அது. இரண்டு வருஷத்தில் ஒன்றுகூடக் கெடவில்லை. போன வருஷம் வேறொரு கடையிலிருந்து தபாலில் வரவழைத்த லிமிடெட் எடிஷன் ஒன்று, மேலுறை வெடித்து, காய்ந்த வாழைச்சருகு மாதிரி வந்து சேர்ந்தது. இரண்டு வளையமும் பளபளப்பாக இருந்தன.

மச்சான் தைக்கு வருகிறார். நம்பர் 2 ஆறு சொல்லியிருக்கிறேன். பெட்டி முத்திரை எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது, வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கவும் சொன்னேன். எப்படி அழுத்துவது என்று அம்மா அவருக்கு வீடியோ காலில் காட்டிக் கொடுத்திருக்கிறார்.