சாவி இல்லாமல் வந்த சிலிண்டர்

காலை பத்து மணிக்கே குன்னூர் வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. அதைத் திறக்கும் சாவிதான் வரவில்லை. "கடையிலேயே இருக்குண்ணா, மத்தியானம் கொண்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி வண்டியைத் திருப்பிவிட்டான். வால்வின் தலையில் விரல்நுனி அளவு ஒரு சதுர முனை. பக்கத்து வீட்டு ஸ்பேனரை வாங்கித் திருகினேன், வழுக்கியது. அதற்கு மேல் திருகப் பயந்து விட்டுவிட்டேன். சாவி வந்தது மாலை மூன்றரைக்கு. அதுவரை அப்பா கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இருக்கும் டென்வரில் எதிர்வீட்டுப் பெரியவர், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரைப் பைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு நாயோடு நடக்கிறார். அது 1,600 மீட்டர் உயரத்து ஊர். குன்னூர் அதைவிட உயரம், 1,850 மீட்டர்.

அப்பாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். கோவையில் ஆறு வாரம் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். அங்கே நடக்கும்போதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. 'ஆக்ஸிஜன் தேவையில்லை' என்று எழுதி, அதே பயிற்சியை வீட்டில் தொடரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோவை சுமார் 400 மீட்டர்தான். மலையிலும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம், சரி. ஆனால் குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மார்க்கெட் ஏற்றத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது விரலில் மாட்டிய கருவி 82 காட்டியது. தேயிலை ஃபாக்டரிக்கு நாற்பது வருஷம் ஏறி இறங்கிய வழி அது. எந்த ஊர் என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் குன்னூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபி செய்யும் இளம்பெண் தாழ்வாரத்தில் 30 மீட்டர் அளந்து, ஆறு நிமிடம் நடக்க வைத்தார். முதலில் வெறுமனே, நன்றாக ஓய்வெடுத்த பிறகு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜனோடு. "அப்பா, பேசாம நடங்க. உதட்டைக் குவிச்சு ஊதுங்க" என்று சிலிண்டர் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். வெறுமனே நடந்தபோது 83க்கு இறங்கியது, ஆக்ஸிஜனோடு 90லேயே நின்றது. இன்னும் கூட்டலாமே என்றேன். "வேண்டாம் சார், சிலருக்குக் கரியமில வாயு உள்ளே தேங்கிடும். அப்பாவுக்கு 88லேருந்து 92க்குள்ள இருந்தா போதும்" என்று சொல்லி, கையால் எழுதியும் கொடுத்தார். போய் நின்ற அன்றே இவ்வளவு பொறுமையாக ஒருவர் கூட நடந்து பார்த்தது டென்வரில் எனக்கு வாய்த்ததில்லை.

கிளம்பும்முன் கடைக்குப் போய் இன்னொரு சாவியைக் காசு கொடுத்து வாங்கி, காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.